முட்டி ஜவ்வு கிழிந்த கபடி வீரருக்கு எந்தக் காப்பீடு கைகொடுக்கும்?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் கபடிக் குழு நடத்துகிறோம். 18 வயது தாண்டியவர்கள் 18 பேர், பள்ளியில் படிக்கும் பையன்கள் 4 பேர். போன மாதம் மேலூர் பக்கம் ஒரு போட்டியில் எங்கள் ரெய்டருக்கு முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. வயது 23, கொத்தனார் வேலை. அன்று ராத்திரியே ஊருக்குக் கூட்டிவந்து எண்ணெய்க் கட்டுப் போட்டோம். வீக்கம் வடியவில்லை என்று மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள். வங்கியில் 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு அவருக்கு இருக்கிறது. போய்க் கேட்டால், இதற்கெல்லாம் வராது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அவருக்கு என்ன வழி? குழுவில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் போடலாம் என்றிருக்கிறோம். எதைப் போடுவது? சித்திரையில் 24 அணிகளை வைத்து நாங்களே டோர்னமெண்ட் நடத்துகிறோம். அதற்கும் ஏதாவது போட வேண்டுமா?
— கபடிக் குழுச் செயலாளர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: முதலில் அந்தத் தம்பியின் காலைப் பார்ப்போம், பாலிசி பிறகு.

வட்டிக்கு வாங்கி 1,60,000 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள். முட்டியின் முன் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் அது இன்றைக்கே செய்தாக வேண்டிய ஆபரேஷன் இல்லை. வீக்கம் வடிந்து, முட்டி ஓரளவு மடங்கி நீளத் தொடங்கிய பிறகு செய்வதைத்தான் பெரும்பாலான எலும்பு மருத்துவர்கள் விரும்புவார்கள். ஆகவே சில வாரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அவசரம் என்பது வேறு: முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது, முட்டியே விலகி பாதம் சில்லென்று ஆவது, காலில் உணர்ச்சி குறைவது. இப்படி ஏதாவது இருந்தால் காப்பீடு, கணக்கு எதையும் பார்க்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அவசரம் இல்லையென்றால் இந்த வாரமே அவர் வீட்டு ரேஷன் அட்டையை எடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பா அம்மா பெயரில் ஏற்கெனவே அட்டை இருக்கலாம். முதலில் அதில் தம்பியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையே இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார் அட்டைகளோடு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் இந்தத் திட்டத்தின் பதிவு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

இந்தத் திட்டத்தில் பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். இது கையில் பணம் தரும் திட்டம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. அதனால் மருத்துவமனையில் நுழைந்ததும் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே உட்கார்ந்திருக்கும் காப்பீட்டுத் திட்டப் பணியாளரிடம் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஜவ்வு ஆபரேஷன் உங்கள் மருத்துவமனைக்கு ஒதுக்கிய சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறதா? ஜவ்வைப் பிடித்து நிறுத்தும் ஸ்குரூ, பட்டன் விலையும் தொகைக்குள் அடங்குமா? அனுமதி வரும் முன் எதற்காவது கையெழுத்தோ முன்பணமோ கேட்பீர்களா? ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லாப் பிரிவும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும் சேர்ந்த மருத்துவமனையும் உண்டு.

வருமான வரம்பு தாண்டி அட்டை கிடைக்கவில்லையென்றால் மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அட்டை இல்லாதவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. தேதி கிடைக்கக் கொஞ்சம் அலைய நேரிடும். அந்த அலைச்சல், மூன்று வட்டிக்கு வாங்கிய கடனைவிட நல்லது.

இப்போது அவசரமாக அவர் பெயரில் ஒரு தனியார் மெடிக்கல் பாலிசி எடுத்து, பிறகு அதில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பாலிசி எடுப்பதற்கு முன் பட்ட காயம், முன்பே இருந்த நோய்க் கணக்கில் போகும். அதற்கான காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். எம்.ஆர்.ஐ. தேதியை மறைத்தால் கிளைம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகும்.

வங்கியில் அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சரியான பதில்தான். 20 ரூபாய்த் திட்டம், அதாவது பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா, மூன்று நிலைக்கு மட்டுமே பணம் தரும். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்ணோ, இரண்டு கையோ, இரண்டு காலோ, ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ நிரந்தரமாகப் போனால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். மருத்துவச் செலவுக்கு அதில் இடமே இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்கும் இல்லை.

கபடி ஆடுகிறவர்களுக்குப் பாலிசி வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு இதிலேதான் இருக்கிறது. 10 லட்சம், 20 லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தத் தொகை உயிர் போனால், உறுப்பு போனால் வருவது. களத்தில் அது அபூர்வம். நாம் வாராவாரம் பார்ப்பது முட்டி ஜவ்வு, கணுக்கால், தோள்பட்டை விலகல், விரல் முறிவு. அதோடு போவது நாலு மாதக் கூலி. அதற்குப் பணம் தரும் பகுதி பாலிசியில் இருக்கிறதா, எவ்வளவு, எந்த நிபந்தனையோடு என்று பாருங்கள். மேலே இருக்கும் பெரிய எண்ணை கடைசியில் பார்த்தால் போதும்.

தனிநபர் விபத்துக் காப்பீட்டில் பொதுவாக ஐந்து அறைகள் இருக்கும். மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், தற்காலிக முழு இயலாமை, மருத்துவச் செலவு. முதல் இரண்டும் எல்லாப் பாலிசியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பகுதி ஊனத்துக்கு ஒரு அட்டவணை இருக்கும். கட்டைவிரல் முழுதும் போனால் காப்புத் தொகையில் 25 விழுக்காடு, ஆள்காட்டி விரலுக்கு 10 விழுக்காடு என்ற மாதிரி. அதைப் பார்த்து விரல் உடைந்தால் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். அந்த அட்டவணை விரலை இழந்தவருக்கு. உடைந்து கூடிய விரலுக்கு அதில் ஒன்றும் இல்லை. எலும்பு முறிவுக்கென்று தனிக் கூடுதல் பகுதி சில நிறுவனங்களில் உண்டு. அதிலும் இன்ன எலும்புக்கு இவ்வளவு என்று இருக்குமே தவிர, ஜவ்வு பெரும்பாலும் சேராது.

தற்காலிக முழு இயலாமைதான் நம் கொத்தனார் தம்பிக்கு வேண்டிய அறை. அடிபட்டு வேலைக்கே போக முடியாத வாரங்களுக்கு, வாரத்துக்கு இவ்வளவு என்று தருவது இது. பழைய வழக்கப்படி காப்புத் தொகையில் வாரத்துக்கு 1 விழுக்காடு, 100 வாரம் வரை. காப்புத் தொகை 5 லட்சம் என்றால் வாரத்துக்கு 5,000 ரூபாய். ஜவ்வு ஆபரேஷன் ஆனவர் சாரத்தில் ஏறிச் சிமெண்டுச் சட்டி தூக்க 20 வாரம் ஆகும் என்று வையுங்கள், 1,00,000 ரூபாய் வரும். ஆனால் 2021 ஏப்ரலில் இருந்து எல்லா நிறுவனமும் விற்கும் ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பொது மாதிரிப் பாலிசியில் இதே பகுதி விருப்பத் தேர்வாகத்தான் இருக்கிறது. வாரத்துக்குத் தருவதும் 0.2 விழுக்காடு. அதே 5 லட்சத்துக்கு வாரம் 1,000 ரூபாய், 20 வாரத்துக்கு 20,000. அதன் மருத்துவமனைச் செலவுப் பகுதியும் விருப்பத் தேர்வே, காப்புத் தொகையில் 10 விழுக்காடு வரை. பெயரில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாலிசிக்கு நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. அதனால்தான் முகவர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், வாரத் தொகை எத்தனை ரூபாய், எத்தனை வாரம், முதல் ஏழு நாளைக் கழிப்பீர்களா என்று எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

மருத்துவச் செலவுப் பகுதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பல பாலிசிகளில் அது தனித்து நிற்காது. மற்ற நான்கு அறைகளில் ஏதாவது ஒன்றில் பணம் அனுமதிக்கப்பட்டால், அந்தத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டிப் போட்டிருப்பார்கள். ஊனமும் இல்லை, வார இழப்பீடும் எடுக்கவில்லை என்றால் மருத்துவச் செலவும் பூஜ்யம். “மற்ற பலன்களைச் சாராத விபத்து மருத்துவச் செலவு” என்று கேட்டு வாங்குங்கள். அஞ்சலகங்களில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் விபத்துப் பாலிசிகளில், 10 லட்சம் காப்போடு ஒரு அளவுக்கு மருத்துவச் செலவும் சேர்ந்த வகைகள் உண்டு. ஆள் ஒருவருக்கு என்று பார்த்தால் கிராமத்து இளைஞருக்கு அது கட்டுப்படியாகும். சேரும் முன் விளையாட்டு பற்றிய விலக்கு என்ன என்று நிபந்தனைத் தாளில் மட்டும் படித்துவிடுங்கள்.

அந்த விலக்கைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில் வீண் பயமும் இருக்கிறது, வீண் தைரியமும் இருக்கிறது. மெடிக்கல் பாலிசிகளில் நாடு முழுதும் ஒரே வாசகமாக இருக்கும் விலக்கு இது: ஆபத்தான அல்லது சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டதால் வந்த சிகிச்சைச் செலவு கிடையாது. எடுத்துக்காட்டாக அதில் சொல்லியிருப்பவை பாறையேற்றம், மலையேற்றம், படகுச் சறுக்கல், மோட்டார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஆழ்கடல் மூழ்கல் போன்றவை. கபடி அந்த வரிசையில் இல்லை. உங்கள் பையன்கள் அதை வைத்துப் பிழைக்கவும் இல்லை. ஆகவே கபடியில் அடிபட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சாதாரண மெடிக்கல் பாலிசியில் கிளைமை மறுத்தால் எதிர்த்துக் கேட்கலாம். விபத்துப் பாலிசி அப்படி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விலக்கு வாசகம் மாறும். சிலவற்றில் போட்டி விளையாட்டு என்று பொதுவாகவே போட்டிருக்கும். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் கொத்தனார் என்றும், கூடவே கபடிக் குழுவில் ஆடுகிறார் என்றும் உண்மையை எழுதுங்கள். கொத்தனார் என்றால் பிரீமியம் சற்று ஏறும், உடலுழைப்பு வேலை அடுத்த ஆபத்துப் பிரிவில் வரும் என்பதால். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ‘வியாபாரம்’ என்று எழுதியவர்களின் கிளைம்கள் அந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழும்.

அடுத்து, விபத்து என்ற சொல்லே ஒரு வழக்கு. பாலிசியின்படி விபத்து என்றால் திடீரென்று, எதிர்பாராமல், நம் விருப்பம் இல்லாமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி, வன்மையாக நடந்தது. ரெய்டு போனவரின் தொடையை இருவர் பூட்டி மண்ணில் சாய்த்தார்கள், முட்டி உள்பக்கம் மடங்கியது என்றால் அதில் எல்லாம் இருக்கிறது. யாரும் தொடாமல், திரும்பும்போது கால் ஊன்றி ஜவ்வு போனால் நிறுவனம் தகராறு செய்ய இடமிருக்கிறது. வழுக்கியதா, களத்து விரிப்பின் ஓரத்தில் கால் மாட்டியதா, கோட்டுக் கயிறு இடறியதா என்று நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும். நடக்காததைச் சேர்க்காதீர்கள். போட்டியை மூன்று பேர் செல்போனில் எடுத்திருப்பார்கள். மாதக்கணக்கில் ஆடி ஆடி வந்த முதுகுவலி, குதிகால் வலி, தசைநார் வீக்கம் எந்த விபத்துப் பாலிசியிலும் வராது.

களத்தில் மாரடைப்பு வந்து இறந்தாலும் விபத்துப் பாலிசியில் வராது. அது நோய் மரணம். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் 20 ரூபாய்த் திட்டத்தை நம்பி அலைவதைப் போலக் கொடுமை இல்லை. அதற்குத்தான் பக்கத்திலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா யோஜனா இருக்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும் தரும். இரண்டும் சேர்த்து ஒருவருக்கு 456 ரூபாய், உங்கள் 18 பேருக்கு 8,208 ரூபாய். டிசம்பரிலிருந்து சேர்ந்தால் ஜீவன் ஜோதிக்கு அந்த ஆண்டுக்கு 228 ரூபாயும், மார்ச்சிலிருந்து 114 ரூபாயும்தான் பிடிப்பார்கள். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இல்லாமல் காப்பு அறுந்துபோனவர்கள் ஏராளம். ஜூன் முதல் வாரம் 18 பேரின் பாஸ்புக்கிலும் வரி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதைக் குழுவின் வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாமினி பெயரையும் அன்றைக்கே பாருங்கள்.

உங்களில் யாராவது கப்பலூர் தொழிற்பேட்டையிலோ மில்லிலோ 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அவருக்குக் கையிலேயே மருந்து இருக்கிறது. வேலையில் அடிபட்டால்தான் இ.எஸ்.ஐ. என்று பலர் நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கபடியில் அடிபட்டாலும் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாளுக்குப் பிடித்தம் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்ப்படியும் வரும். இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் விடுப்புச் சான்றுதான் இதற்கு அடிப்படை. வெளியே கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் அந்த நாள் அத்தனையும் வீண்.

இனிக் குழுவுக்கான பாலிசி. உங்கள் குழுவைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். இன்சூரன்ஸ் வாங்குவதற்காகவே கூடிய கூட்டத்துக்குக் குழுப் பாலிசி தரக் கூடாது என்பது விதி. வேறு நோக்கத்தோடு இயங்கும் அமைப்பு என்பதற்குப் பதிவுச் சான்று, உறுப்பினர் பதிவேடு, குழுவின் வங்கிக் கணக்கு மூன்றும் கேட்பார்கள். பாலிசி குழுவின் பெயரில் வரும். நிறுவனம் வாங்கும் பிரீமியத்துக்கு மேல் உறுப்பினரிடம் ஒரு ரூபாயும் கூடுதலாக வசூலிக்கக் கூடாது. குழுப் பாலிசிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுத்துறை நிறுவனம் ஒன்று, தனியார் நிறுவனம் இரண்டு என்று மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 18 பேரின் பெயர், வயது, தொழில். காப்புத் தொகை ஆளுக்கு 5 லட்சம். “கபடிப் பயிற்சி, நட்புப் போட்டி, டோர்னமெண்ட், அவற்றுக்குப் போய்வரும் பயணம் ஆகியவற்றில் ஏற்படும் காயமும் அடங்கும்” என்ற வரி பாலிசியிலேயே அச்சாகி வர வேண்டும் என்பதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். அந்த வரி முகவரின் வாட்ஸ்அப் செய்தியில் இருந்து பயனில்லை. வார இழப்பீடு எவ்வளவு, சாராத மருத்துவச் செலவு எவ்வளவு, ஜவ்வுக் காயம் அடங்குமா, நடுவில் ஆள் மாறினால் பெயர் சேர்க்க நீக்க என்ன வழி, இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணம் போதவில்லையென்றால் எதைக் குறைப்பது? என் கருத்தில், காப்புத் தொகையை 5 லட்சத்திலிருந்து 3 லட்சமாகக் குறையுங்கள். மருத்துவச் செலவையும் வார இழப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள்.

வார இழப்பீட்டில் கூலித் தொழிலாளிக்கு ஒரு சிக்கல் உண்டு. நிரூபிக்கும் வருமானத்துக்கு மேல் தர மாட்டார்கள். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கூலியில் ஒரு பகுதியையாவது மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பழக்கம், மேஸ்திரி கையெழுத்திட்ட வேலை நாள் குறிப்பு, வருமானச் சான்று இவைதான் ஆதாரம். முதலமைச்சர் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,00,000 என்று சான்று வாங்கிவிட்டு, இங்கே வாரம் 5,000 சம்பாதிக்கிறேன் என்றால் அது ஆண்டுக்கு 2,60,000 ஆகிறது. இரண்டு தாளும் ஒரே மேசையில் சந்தித்தால் இரண்டுமே கெடும். எங்கே எழுதினாலும் உண்மை வருமானத்தையே எழுதுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வலித்த இடத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரியே எண்ணெய்க் கட்டு, மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. அந்தத் தம்பியிடம் நல்ல பாலிசி இருந்திருந்தால்கூட இந்த மூன்று வாரம் அதைச் செல்லாமல் ஆக்கியிருக்கும். போட்டியில்தான் அடிபட்டது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. இந்த மூன்று வாரத்தில் சாரத்திலிருந்து விழுந்திருக்கலாமே, வண்டியில் விழுந்திருக்கலாமே என்று கேட்பார்கள். கட்டுப் போடுகிறவரை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் முதலில் அரசு மருத்துவமனை, பிறகுதான் மற்றது என்பதைக் குழுவின் சட்டமாக்குங்கள். மேலூரில் ஆடினால் மேலூர் அரசு மருத்துவமனை, ஊரில் ஆடினால் உசிலம்பட்டி. அன்றைக்கே போய், “இன்ன ஊரில், இத்தனை மணிக்கு, கபடிப் போட்டியில், எதிரணி பிடித்தபோது வலது முட்டி மடங்கியது” என்று ஏ.ஆர். எனப்படும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வலதா இடதா என்பதை வெளியே வருமுன் சரிபாருங்கள். சீட்டில் இடது, எம்.ஆர்.ஐ.யில் வலது என்றால் அதைத் திருத்த மாதக்கணக்கில் நடக்க வேண்டும். மருத்துவர் கேட்கும்போது, “ரொம்ப நாளா வலி இருந்துச்சு, இன்னிக்கு ஜாஸ்தியாயிருச்சு” என்று பையன் சொன்னால் அவர் அதையே எழுதுவார். உண்மையிலேயே பழைய வலி இருந்தால் சொல்லத்தான் வேண்டும். இல்லாத வலியைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட வேண்டாம்.

அதே நாளில் போட்டி நடத்தியவர்களிடம், நடுவர் கையெழுத்தோடு ஒரு சம்பவக் குறிப்பு, போட்டி அட்டவணை அல்லது நோட்டீஸ், ஆட்டக்காரர் பட்டியல் வாங்கி வையுங்கள். நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போன் செய்து கிளைம் எண் வாங்குங்கள். தாள்களைப் பொதுவாக 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டோடு பில், ஸ்குரூ பெட்டியின் ஸ்டிக்கர், மருத்துவர் தரும் ஓய்வுச் சான்று, கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்ற தகுதிச் சான்று. ஓய்வுச் சான்று 6 வாரத்தோடு முடிந்து அடுத்தது வாங்காவிட்டால் வார இழப்பீடும் அங்கேயே நின்றுவிடும். ஓய்வில் இருக்கும் காலத்தில் களத்தில் நின்று கோச்சிங் கொடுக்கும் போட்டோ முகநூலில் வந்தாலும் அப்படித்தான். போலீஸ் எஃப்.ஐ.ஆர். சாதாரண விளையாட்டுக் காயத்துக்குத் தேவைப்படாது. மரணம் என்றால் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் விபத்துக் கிளைம் நகராது. உடலை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் கெடுதலாகிவிடும்.

சித்திரை டோர்னமெண்டுக்கு: 24 அணி, அணிக்கு 12 பேர் என்றால் 288 பேர். போட்டி நடக்கும் நாள்களுக்கு மட்டும் குறுகிய காலக் குழு விபத்துப் பாலிசி எடுக்க முடியும். பெயரில்லாமல் எண்ணிக்கைக்கு மட்டும் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் நீங்கள் ஆதார் நகலோடு அணிப் பட்டியலை ஆட்டம் தொடங்கும் முன் வாங்கி முத்திரையிட்டு வைத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பட்டியலில் இல்லாத வெளியூர் ரெய்டரை இறக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அவருக்கு அடிபட்டால் காப்பு இல்லை. பார்வையாளருக்குச் சவுக்குக் கம்பில் கேலரி கட்டுவதானால் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்று தனியாக வேண்டும், ஆட்டக்காரர் பாலிசி அவர்களைத் தொடாது. காவல்துறை அனுமதி இல்லாமல் நடத்தினால் சட்டமீறல் என்ற விலக்கைக் காட்டுவார்கள். மது அருந்தி ஆடியவருக்கும் கிடையாது.

போட்டிக்குப் போகும் வண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அணி முழுதும் குட்டியானையின் பின்னால் ஏறிப் போகிறது. அது சரக்கு வண்டி. அதில் இலவசமாக ஏறிப் போகிற ஆட்களுக்கு வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கவிழ்ந்தால் இழப்பீடு முழுதும் வண்டிக்காரர் தலையில் விழும், அவரிடம் இருக்காது. வேன் வாடகை கூடுதல்தான். அதைக் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பாலிசி எடுத்தாலும் ஒரு செலவு நம் கையில்தான் நிற்கும், பிசியோதெரபி. மெடிக்கல் பாலிசிகளில் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ போன்றவை டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரைதான் செலவை ஏற்கும். ஜவ்வு ஆபரேஷன் ஆனவர் மறுபடி ரெய்டு போக 6 முதல் 9 மாதம் வேண்டும். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் அதே முட்டி மறுபடி போகிறது. 22 பேரும் வாரம் 10 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 11,440 ரூபாய். டோர்னமெண்ட் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கையும் அதில் போட்டு, வங்கியில் தனிக் கணக்காக வையுங்கள். முதல் செலவு அந்தக் கொத்தனார் தம்பியின் பிசியோதெரபியாக இருக்கட்டும்.

கிளைம் மறுத்தால் மறுத்த காரணத்தைப் பாலிசிப் பிரிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். தாமதமாகச் சொன்னீர்கள் என்ற ஒன்றை மட்டும் காட்டி, உண்மையான கிளைமைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. குழுப் பாலிசிக்கும் அந்த வழி உண்டு. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம் இருக்கிறது.

பள்ளியில் படிக்கும் நான்கு பையன்களுக்கு வங்கித் திட்டங்கள் இரண்டும் வராது, 18 வயது நிறைய வேண்டும். குழு விபத்துப் பாலிசியில் அவர்கள் பெயரையும் சேர்க்க முடியும். வருமானம் இல்லாததால் வார இழப்பீடு இருக்காது, மருத்துவச் செலவுப் பகுதி இருக்கும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அவர்கள் வீட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் நகல் ஒன்றையும் குழுவின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் ராத்திரி பத்து மணிக்கு அடிபட்டால் முதலில் தேடுவது அந்த அட்டையைத்தான்.